பால் உறையும் முன் பேனாவை எடுங்கள்

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் ஒரு சபை நடத்தும் சின்னப் பள்ளியில் படிவம் 1, படிவம் 2 (13, 14 வயது) பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். எங்களுக்கு ஆய்வுக்கூடம் கிடையாது. ஞாயிறு ஆராதனை முடிந்து தேத்தண்ணி கொடுக்கும் கூடம்தான் வகுப்பு. அங்கே இரண்டு நீள மேசை, ஒரு குழாய், ஒரு கேஸ் அடுப்பு இருக்கின்றன. பாடத்துக்கு வேண்டிய மற்றதெல்லாம் பள்ளியைச் சுற்றியுள்ள பால்மரத்திலிருந்தும் (ரப்பர் மரம்), எண்ணெய் தரும் செம்பனையிலிருந்தும், பிள்ளைகளின் வீட்டு அடுப்பங்கரையிலிருந்தும் வருகிறது. இப்படி ஒரு பள்ளியில் செய்முறைப் பாடம் தொடங்க நினைக்கும் ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் பேனா. எந்தப் பொருளையும் தொடுவதற்கு முன், என்ன நடக்கும் என்று ஒவ்வொரு பிள்ளையும் நோட்டில் எழுதிவிட வேண்டும். பென்சில் கூடாது, எழுத்தை மறைக்கும் வெள்ளை மை கூடாது. சில வருடங்களுக்கு முன் ஒரு பெண்பிள்ளை தன் ஊகம் தப்பு என்று தெரிந்ததும், மேசைக்குக் கீழே நோட்டை வைத்து அவசரமாக அழித்துக்கொண்டிருந்தாள். மார்க் குறைந்துவிடும் என்ற பயம். அன்றைக்கே வேதாகமத்தின் பத்துக் கட்டளையை எடுத்து வைத்துப் பேசினேன். பொய்ச்சாட்சி சொல்லாதே என்பது பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றி மட்டுமல்ல, கண்ணால் பார்த்த ரப்பரைப் பற்றியும்தான். தப்பான ஊகத்துக்கு நான் மார்க் குறைப்பதில்லை. பார்த்ததை மாற்றி எழுதினால்தான் குறைப்பேன்.

ரப்பர்ப் பால் பாடத்தை ஆண்டின் தொடக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் முன்பே பெற்றோருக்கு ஒரு துண்டுக் காகிதம் போகட்டும்: பலூன் ஊதினால் உதடு அரிக்குமா, ரப்பர் கையுறை போட்டால் தடிக்குமா, ஆஸ்துமா இருக்கிறதா? ஆம் என்று வந்தால் அந்தப் பிள்ளை பாலையோ ரப்பரையோ தொடாமல், சற்றுத் தள்ளி உட்கார்ந்து நேரம் குறிக்கும் வேலையைச் செய்யட்டும். மற்றவர்களுக்கு நைட்ரைல் (இயற்கை ரப்பர் இல்லாத) கையுறையும் பழைய டீ சட்டையும் போதும். துணியில் பட்ட பால் காய்ந்துவிட்டால் போகவே போகாது.

விடியுமுன் பால் வெட்டப் போகிறவரிடம் முந்தின நாளே சொல்லி வையுங்கள். மங்கிலிருந்து (மரத்தில் பால் வடியும் கிண்ணம்) பால் எடுக்கும் நேரத்தில் நீங்களே போய் வாங்கி, அன்று காலையே பாடத்தை முடித்துவிட வேண்டும். முதல் முறை நான் அதை மதியப் பாடமாக வைத்தேன். புட்டியைத் திறந்தால் உள்ளே பால் இல்லை, வெள்ளைக் கட்டி. பாடம் போச்சு என்று நின்றேன். ஒரு பையன் புட்டியை மூக்கருகே கொண்டுபோய், "டீச்சர், புளிச்ச தயிர் மாதிரி வாசம் வருது. யாரு ஆசிட் ஊத்துனா?" என்று கேட்டான். யாரும் ஊற்றவில்லை. பாலில் விழுந்த பாக்டீரியா அதிலுள்ள சர்க்கரையைத் தின்று அமிலத்தை உண்டாக்கியிருந்தது. அந்த ஒரு கேள்வியிலேயே ஒரு மணி நேரம் போயிற்று. இப்போதும் வேண்டுமென்றே ஒரு சின்னப் புட்டிப் பாலை முந்தின நாள் வாங்கி வைத்துவிடுகிறேன்.

சரி, செய்முறைக்கு வருவோம். மூன்று கண்ணாடிக் குவளைகளில் ஒவ்வொன்றிலும் 50 மில்லிலிட்டர் பாலும் அதே அளவு தண்ணீரும் ஊற்றுங்கள். ஒன்றில் ஒரு மேசைக்கரண்டி சமையல் வினிகர், அடுத்ததில் அதே அளவு எலுமிச்சைச் சாறு, மூன்றாவதில் வெறும் தண்ணீர். ஐஸ்கிரீம் குச்சியால் மெதுவாகக் கலக்கச் சொல்லுங்கள். பாலை உறைய வைக்கத் தோட்டத்தில் பயன்படுத்தும் பார்மிக் ஆசிட் பிள்ளைகள் கையில் வேண்டாம், தோலைச் சுட்டுவிடும். உறையாமலிருக்க அம்மோனியா கலந்த பாலைக் கொடுத்தால் வாங்காதீர்கள். அதை உறைய வைக்க வினிகர் எக்கச்சக்கமாகத் தேவைப்படும்.

இப்போது குச்சியைப் பார்க்கச் சொல்லுங்கள், குவளையை அல்ல. முதலில் குச்சி தண்ணீரில் போவதுபோல் போகும். பிறகு கை கொஞ்சம் கனக்கும். குச்சியின் ஓரத்தில் அரிசி நொய் மாதிரித் துணுக்குகள் ஒட்டும், அவை ஒன்றையொன்று பிடிக்கும், திடீரென்று கட்டி முழுவதும் குச்சியோடு சுற்றும். அந்த நொடியில் கூடம் முழுக்க ஒரே சத்தமாக இருக்கும், விட்டுவிடுங்கள்.

சத்தம் அடங்கியதும் விளக்கம். பாலிலுள்ள ரப்பர்த் துகள்களைச் சுற்றிப் புரதம் உண்டு. அதன்மேல் எதிர்மின்னூட்டம் இருப்பதால் துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தனித்தனியாக மிதக்கின்றன. அமிலம் அந்த மின்னூட்டத்தைச் சமன் செய்துவிடுகிறது, தள்ளுவதற்கு ஒன்றும் இல்லாமல் ஒட்டிக்கொள்கின்றன. வீட்டில் மோர்த்துளி விட்டுப் பாலைத் தயிராக்கும்போது நடப்பதும் ஏறக்குறைய இதேதான். பிறகு கட்டியைக் கழுவி, கண்ணாடிப் புட்டியால் உருட்டித் தட்டையாக்கி, பெயரெழுதி, கொடியில் காய விடலாம்.

அடுத்த வாரம் ரப்பர் வளையம். இதில்தான் ஊகம் எழுதி வைப்பதன் பலன் தெரியும். அகலமான ரப்பர் வளையத்தை ஆணியில் மாட்டி, அரை லிட்டர் தண்ணீர்ப் புட்டியைக் கட்டித் தொங்கவிடுங்கள். வளையம் இரண்டு மடங்குக்கு மேல் நீண்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் விளைவு சரியாகத் தெரியாது. புட்டியின் அடிப்பாகத்துக்கு நேராகச் சுவரில் ஒரு கோடு போடுங்கள். தலைமுடி உலர்த்தியால் ரப்பரைச் சூடாக்கினால் புட்டி இறங்குமா, ஏறுமா? சூட்டில் எல்லாம் விரியும் என்று படித்த பிள்ளைகள் "இறங்கும்" என்று எழுதுவார்கள். புட்டி சில மில்லிமீட்டர் ஏறும். ஆற விட்டால் மறுபடி இறங்கும்.

காரணத்தை உடனே சொல்லிவிடாதீர்கள். இரண்டு பிள்ளைகளை ஒரு நீளக் கயிற்றின் முனைகளைப் பிடித்து நிற்கச் சொல்லி, நடுவில் நான்கு பேர் கயிற்றை அசைக்கட்டும். அசைவு கூடக் கூட முனையில் நிற்பவர்கள் உள்ளே இழுபடுவார்கள். ரப்பரின் நீளச் சங்கிலி மூலக்கூறுகளும் அப்படித்தான், சூடு என்பது அந்த ஆட்டம். பிறகு, துண்டுக் காகிதத்தில் ஆம் என்று வந்த பிள்ளைகளைத் தவிர மற்றவர்களுக்கு ஆளுக்கொரு கழுவிய வளையத்தைக் கொடுத்து, சட்டென்று இழுத்து உதட்டில் வைக்கச் சொல்லுங்கள். வெதுவெதுப்பாக இருக்கும். சிறிது நேரம் பிடித்திருந்து தளரவிட்டு வைத்தால் குளிரும். இதை 1805இல் எழுதி வைத்த ஜான் காஃப் பார்வையற்றவர். உதட்டால் தொட்டு அறிந்தார். பிற்பாடு அணுக் கொள்கையால் புகழ்பெற்ற ஜான் டால்டனுக்கு ஆசிரியராக இருந்தவரும் அவரே.

முடிந்தால் ஒரு நாள் கோலகங்சாருக்குக் கூட்டிப் போங்கள், பக்கம்தான். 1877இல் லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்திலிருந்து சிங்கப்பூருக்கு வந்த 22 ரப்பர்க் கன்றுகளில் 9 அங்கே வந்தன. அப்போது பேராக்கில் பிரிட்டிஷ் அதிகாரியாக இருந்த ஹியூ லோவின் வீட்டுத் தோட்டத்தில் அவற்றை நட்டார்கள். அவற்றில் ஒரு மரம் இன்னும் நிற்கிறது. சென்ற முறை அதன் கீழே நின்றபோது ஒரு மாணவி கேட்டாள்: "டீச்சர், மரத்துக்குப் பால் எதுக்கு? நமக்காகவா கடவுள் வச்சாரு?"

கிறிஸ்துவப் பள்ளியில் இந்த இடத்தில்தான் ஆசிரியர் தடுமாறுவார். "ஆமாம், கடவுள் கொடுத்தார்" என்று முடித்துவிடுவது சுலபம். நான் அப்படிச் செய்வதில்லை. ஜெபம் வகுப்பைத் தொடங்கி வைக்கட்டும், கேள்வியை மூடக் கூடாது. 1874இல் திறந்த கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கேவண்டிஷ் இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் கதவில் வேதாகமத்தின் 111ஆம் சங்கீதத்தின் 2ஆம் வசனத்தை லத்தீனில் பொறித்திருக்கிறார்கள்: கர்த்தரின் செயல்களில் பிரியமுள்ளவர்கள் அவற்றை ஆராய்வார்கள் என்ற கருத்து. 1897இல் ஜே. ஜே. தாம்சன் எலக்ட்ரானைக் கண்டுபிடித்ததும் அந்த ஆய்வுக்கூடத்தில்தான். ஆகவே பள்ளிக்குத் திரும்பியதும், அந்தப் பிள்ளையிடம் ஒரு ரப்பர் இலைக்காம்பைக் கொடுத்து முறிக்கச் சொன்னேன். முறிந்த இடத்தில் பால் துளிர்த்தது. பத்து நிமிடம் கழித்துத் தொட்டால் பிசின் மாதிரி ஒட்டியது. "காயத்த மூடுது. பூச்சி கடிச்சா வாயி ஒட்டிக்கும்" என்று அவளே சொன்னாள். கடவுள் ஏன் வைத்தார் என்பதை அதன்பிறகு இன்னும் ஆர்வமாகப் பேசினோம்.

அமிலமா, காரமா என்று நிறத்தால் காட்டும் சங்குப்பூ பாடம் சுலபம். இருபது பூவை ஒரு குவளை வெந்நீரில் போட்டால் நீலச் சாயம் இறங்கும். எலுமிச்சை விட்டால் ஊதா, இன்னும் விட்டால் இளஞ்சிவப்பு. சோடா உப்பு போட்டால் பச்சைநீலம். சுண்ணாம்புத் தெளிவு சேர்க்கும்போது மட்டும் பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள், கண்ணில் பட்டால் ஆபத்து.

செம்பனைப் பாடத்துக்கு ஒரு பாட்டியோ தாத்தாவோ வேண்டும். மலர்ந்த ஆண் பூவில் ஒரு துண்டைத் தோட்டத்தில் வேலை செய்பவரிடம் வெட்டித் தரச் சொல்லுங்கள். முள்ளும் பாம்பும் உள்ள இடம், பிள்ளைகள் போக வேண்டாம். அதைக் கண்ணாடிச் சாடியில் போட்டு மெல்லிய துணியால் வாயைக் கட்டுங்கள். சோம்பு வாசம் வரும். உள்ளே எறும்பளவு மூக்குவண்டுகள் ஊர்ந்துகொண்டிருக்கும். கறுப்புக் காகிதத்தில் உதறினால் மகரந்தத் தூள் தெரியும், பூதக்கண்ணாடியில் பார்த்தால் வண்டின் முதுகிலும் தெரியும்.

செம்பனை ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மரம், மகரந்தத்தைப் பெண் பூவுக்குக் கொண்டுபோகும் இந்த வண்டு அதோடு வரவில்லை. அதனால் பல தோட்டங்களில் ஆட்களை வைத்து மகரந்தம் தூவினார்கள். ரஹ்மான் சையத் என்ற பூச்சியியல் அறிஞர் கேமரூனில் இந்த வண்டை ஆராய்ந்தார். 1981இல் அதை இங்கே கொண்டுவந்து விட்டார்கள். எங்கள் வகுப்புக்கு வந்த பாட்டி அந்த வேலை செய்தவர். "பவுடர்ல கலந்து புஸ்ஸு புஸ்ஸுன்னு ஊதிக்கிட்டே போவோம். ஒரு பூ விட்டுப்போனா கங்காணி சத்தம் போடுவாரு. அப்புறம் ஒரு நாளு, இனிமே வேணாம்னுட்டாங்க" என்றார். சாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வெகு நேரம் பார்த்தார். "இத்தினூண்டா?" என்றார். பிள்ளைகள் யாரும் பேசவில்லை. அன்றைய நோட்டில் அவர் சொன்னதையும் ஒரு பதிவாக, தேதியோடு எழுத வைத்தேன்.

கடைசியாகச் சுத்தம் செய்வது. மீந்த ரப்பர்ப் பாலைக் குழாய்த் தொட்டியில் ஊற்றாதீர்கள், அடைத்துக்கொள்ளும். ஒரு வாளியில் சேர்த்து வினிகர் விட்டு உறைய வைத்து, தண்ணீரைப் பிழிந்துவிட்டு, பால் கொடுத்த அண்ணனிடமே கட்டியைத் திருப்பிக் கொடுங்கள். ஒட்டுப்பாலோடு (மரத்திலும் மங்கிலும் காய்ந்து ஒட்டிய பால்) சேர்த்து அவர் நிறுத்துப் போடுவார், அவருக்கு அது காசு.