150 ரூபாய்க்கு 5,000 பீஸ்: எடுப்பதா, விடுவதா?

திருப்பூரில் ஒரு சின்ன பனியன் கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். டீ-சர்ட் ஒன்றுக்கு அடக்கம் 180 ரூபாய், விற்பது 200க்கு. புதிதாக ஒருவர் வந்து, "5,000 பீஸ் வேணும், 150க்கு முடிச்சுக் கொடுங்க" என்கிறார். பீஸுக்கு 30 ரூபாய் நஷ்டம் என்று முதலாளி ஒரு கும்பிடு போட்டு அனுப்பிவிடுகிறார்.

அவசரப்பட்டுவிட்டார். அந்த 180-ஐப் பிரித்துப் பார்த்திருக்க வேண்டும். துணி, தையல் கூலி, லேபிள், பாலிபேக் எல்லாம் சேர்ந்து 125தான். மீதி 55, ஷெட் வாடகையையும் மேனேஜர் சம்பளத்தையும் மெஷின் தேய்மானத்தையும் பீஸ் கணக்கில் பங்குபோட்டு ஏற்றியது. இந்த ஆர்டரை விட்டாலும் ஷெட் ஓனர் வாடகைக்கு வரத்தான் போகிறார். மெஷின் சும்மா கிடக்கிற மாதமென்றால் பீஸுக்கு 25 வீதம் 1,25,000 ரூபாய் மிஞ்சியிருக்கும்.

இதைக் கேட்டதும் சிலர் நேர் எதிராகக் குதிப்பார்கள்: 125க்கு மேல் எது வந்தாலும் லாபம்! சரி, சீசனில்? இதற்கு இடம் கொடுக்க வழக்கமான ஆர்டரில் 2,000 பீஸை விட்டால், பீஸுக்கு 75 (200-இல் 125 போக) வீதம் 1,50,000 போய்விடும். கூட்டிக் கழித்தால் 25,000 நஷ்டம். இந்த இழப்புக்கு யாரும் பில் அனுப்புவதில்லை, அதனால்தான் கணக்கில் விட்டுப்போகிறது. இந்த ஆர்டருக்கென்றே போடும் பிரிண்டிங் ஸ்கிரீன், ராத்திரி ஷிப்ட் கூலி ஆகியவையும் அப்படித்தான் நழுவும்.

அடுத்தது குடோனில் கிடக்கும் பழைய நூல். கிலோ 300க்கு வாங்கியது. வேறு எதற்கும் ஆகாது, இன்று விற்றால் 120 தேறும். அப்படியானால் இந்த ஆர்டருக்கு அதன் விலை 120தான். வழக்கமாக ஓடுகிற நூல் என்றால் மட்டும், திரும்ப வாங்க ஆகிற இன்றைய சந்தை விலை. போட்ட 300 மூழ்கிய செலவு, அதாவது என்ன முடிவெடுத்தாலும் திரும்பி வராத பணம். மனசு ஒப்பாது, என்ன செய்ய? பிரிட்டனும் பிரான்சும்கூட, போட்ட பணத்தை நினைத்தே கான்கார்ட் என்ற அதிவேகப் பயணிகள் விமானத்தில் மேலும் மேலும் கொட்டின என்பார்கள். கட்டியது மொத்தம் 20, அதில் பயணிகள் சேவைக்குப் போனவை 14.

இன்னொன்று. அதே ஆள் மூன்றாவது மாதமும் 150க்கே வந்து நின்றால், அது ஒருமுறை ஆர்டர் இல்லை; அந்த 55-இல் அவரும் பங்கு தர வேண்டும். அதற்குள் 200 கொடுக்கிற பழைய கஸ்டமர் காதுக்கும் விஷயம் போயிருக்கும்.