இருபரிமாண மோதல் கணக்கா? முதலில் முக்கோணம் போடுங்கள்

பலதுறைத் தொழிற்கல்லூரியில் பொறியியல் படிக்கும் பிள்ளைகள் சிலர் மோதல் கணக்கைப் பார்த்ததும் வேகங்களை அப்படியே கூட்டிவிடுகிறார்கள். விடை கோவிந்தா! கூட்ட வேண்டியது உந்தத்தை, அதாவது நிறையை வேகத்தால் பெருக்கி வருவதை. அதுவும் எக்ஸ் தனி, ஒய் தனி.

1 கிலோ வட்டு கிழக்கே விநாடிக்கு 6 மீட்டரில் போகிறது. 4 கிலோ வட்டு வடக்கே 2 மீட்டரில் வந்து மோத, இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன. உந்தம் கிழக்கே 6, வடக்கே 8. செங்கோண முக்கோணம் போட்டால் கர்ணம் 10. மொத்த நிறை 5 கிலோ; ஆக வேகம் விநாடிக்கு 2 மீட்டர், திசை கிழக்கிலிருந்து வடக்காக ஏறத்தாழ 53 பாகை. இயக்க ஆற்றலோ 26 ஜூலிலிருந்து 10க்கு இறங்கிவிட்டது! மீள்மோதல் (மொத்த இயக்க ஆற்றல் குறையாத மோதல்) என்று கேள்வியில் இருந்தாலொழிய ஆற்றல் சமன்பாட்டைத் தொடாதீர்கள்.

ஒரு பொருள் நின்றுகொண்டிருந்தால் இன்னும் சுலபம். மற்றது வந்த திசையை எக்ஸ் அச்சாக வையுங்கள். மொத்த ஒய் உந்தம் மோதலுக்குப் பின்னும் சுழிதான். சம நிறை, முழு மீள்மோதல், நேருக்கு நேர் இடிக்காமல் சாய்வாக இடித்தால் இரண்டும் 90 பாகையில் பிரியும். புளோக் கீழ்த்தளத்தில் கேரம் ஆடிவிட்டு "90 வரலையே" என்று சண்டைக்கு வராதீர்கள், ஸ்ட்ரைக்கர் காயைவிடக் கனம்.