மலிவு விலை மரக்கன்றுகளை நடும்போது நேரும் தவறுகள்

தமிழ்நாட்டில் பட்டா நிலம் வைத்திருக்கும் ஒருவர் மரக்கன்று பெறுவது இன்று கடினமான செயலன்று. மாநிலத்தின் வனப் பரப்பையும் மரப் பரப்பையும் 23.7 விழுக்காட்டிலிருந்து 33 விழுக்காடாக உயர்த்தும் நோக்குடன் 2022 செப்டம்பரில் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கப்பட்டது. வனத்துறை, வேளாண்மைத் துறை ஆகியவற்றின் திட்டங்கள் வழியாகக் கன்றுகள் குறைந்த விலைக்கோ விலையில்லாமலோ உழவர்களுக்குக் கிடைக்கின்றன. ஆனால் மலிவாகக் கிடைப்பதாலேயே கணக்கின்றி வாங்கி, கிடைத்த நாளில் கிடைத்த இடத்தில் நட்டுவிடுகிறோம். நாற்றங்காலில் மாதக்கணக்கில் பேணி வளர்த்த கன்று முதல் கோடையிலேயே கருகிப்போவதைக் காணும்போது உண்டாகும் வருத்தமே இக்கட்டுரையை எழுதச் செய்தது. மரவியாபாரத்துக்கான தோப்புகளைப் பற்றி இங்கே பேசவில்லை. மண்ணையும் நீரையும் பறவைகளையும் காக்க வரப்போரத்திலும் மானாவாரி நிலத்திலும் நடும் மரங்களையே குறிப்பிடுகிறேன்.

நடும்போது நேரும் தவறுகளுள் மிகப் பெரியது, நடும் காலத்தைத் தவறாகத் தேர்வதுதான். ஜூன் 5 சுற்றுச்சூழல் நாளிலும், ஜூலை முதல் வாரத்து வன மகோத்சவத்திலும் கன்று நடுவது வழக்கமாகிவிட்டது. 1950ஆம் ஆண்டு மத்திய அமைச்சராக இருந்த கே.எம். முன்ஷி தொடங்கிய வன மகோத்சவம், தென்மேற்குப் பருவமழை அந்த வாரங்களில் வந்து சேரும் நிலப்பகுதிகளுக்கு மிகவும் பொருத்தமானது. தமிழ்நாட்டுக்கோ ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில்தான் கிடைக்கிறது. ஆகவே சிவகங்கையிலோ இராமநாதபுரத்திலோ ஜூன் மாதத்தில் நட்ட கன்று, வெயிலையும் ஆடிக் காற்றையும் தாங்கி மூன்று, நான்கு மாதங்கள் மழைக்காகக் காத்திருக்க வேண்டியதாகிறது. குழிகளை ஆடி, ஆவணியில் வெட்டி ஆறவிட்டு, புரட்டாசிக் கடைசியிலோ ஐப்பசியிலோ நல்ல மழை பெய்து மண் ஒரு முழ ஆழத்துக்கு நனைந்த பிறகு நடுவதே இப்பகுதிகளுக்கு ஏற்றது. நீலகிரி, வால்பாறை, கன்னியாகுமரி, தென்காசியின் மலையடிவாரம் போன்ற இடங்களில் தென்மேற்குப் பருவத்தின் தொடக்கத்திலேயே நடலாம். கன்று தாமதமாக வந்தது என்பதற்காக மானாவாரி நிலத்தில் தை மாதத்தில் நடுவதும் தவறே; வேர் ஆழம் செல்வதற்குள் பங்குனி வெயில் வந்துவிடும்.

அடுத்த தவறு, மரமில்லாத நிலத்தையெல்லாம் வெற்று நிலம் என்று எண்ணுவது. நீலகிரியின் புல்வெளிகளில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வாட்டில் மரங்களை நட்டதால் புல்வெளியின் பெரும்பகுதி அழிந்தது. அவற்றை அகற்ற இன்றும் பாடுபட வேண்டியிருக்கிறது. சமவெளியிலும் இதற்கு இணையான எச்சரிக்கை தேவை. காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காட்டைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். கிளுவை உயிர்வேலிக்குள் கொழுக்கட்டைப் புல் அடர்ந்திருக்க, வெள்வேல் மரங்கள் அங்கங்கே தள்ளித் தள்ளி நிற்கும் அந்த மேய்ச்சல் நிலம், காங்கேயம் மாடுகளை வளர்த்த தேர்ந்த ஏற்பாடு. அதற்குள் நெருக்கமாகக் கன்றுகளை நட்டால் நிழலில் புல் நலியும். அதனால் காப்பதை விட இழப்பதே மிகுதியாகும்.

எந்த மரம் என்ற கேள்விக்கு, விரைவாக வளர்வது எது என்று பார்ப்பதைவிட, அந்த மண்ணில் ஏற்கெனவே நிற்பது எது என்று பார்ப்பது நல்லது. ஊரின் கோவில்காடும் பழைய சாமி மரங்களும் இதற்கு நம்பத்தக்க வழிகாட்டிகள். ஓடைக்கரைக்கும் கண்மாய் ஓரத்துக்கும் நீர்மருது, நாவல், புங்கன். செம்மண் சரளைக்கு உசில், வேம்பு, வெள்வேல். கடற்கரை மணலுக்குப் புன்னை, பூவரசு, பனை என்று மண்ணுக்கேற்ற மரங்கள் நம்மிடமே இருக்கின்றன. சந்தனத்தைப் பலர் ஆசையுடன் தனிக் கன்றாக நட்டு ஏமாறுகிறார்கள். அது பிற செடிகளின் வேர்களிலிருந்து சத்தை உறிஞ்சி வளரும் மரமாதலால் தொடக்கத்தில் துவரை போன்ற துணைச்செடியும் பின்னர் நிலைத்த துணைமரமும் அதற்கு வேண்டும். வெட்டுவதற்கு வனத்துறையின் அனுமதி தேவை என்பதையும் முன்பே அறிந்திருக்க வேண்டும்.

நாற்றங்காலில் உயரமான கன்றாகப் பார்த்து எடுப்பது எல்லோரும் செய்யும் தவறு. பையில் நெடுநாள் இருந்து நெட்டையாக வளர்ந்த கன்றின் வேர், அடியில் பாம்பு போலச் சுருண்டிருக்கும். அப்படியே நட்டால் சில ஆண்டுகள் நன்றாகவே வளர்ந்து, பிறகு ஒரு புயற்காற்றில் அடியோடு சாயும். ஆகவே உயரம் குறைந்தாலும் தண்டு பருத்து நிமிர்ந்து நிற்கும் கன்றையே தேர்ந்தெடுக்க வேண்டும். வேர் சற்றே சுருண்டிருந்தால் நடும்போது பையின் அடிப்பகுதியை ஓர் அங்குல அளவுக்கு வெட்டி நீக்கிவிடலாம். பிளாஸ்டிக் பையைக் கிழிக்காமல் அப்படியே குழிக்குள் இறக்கும் கொடுமையும் பல இடங்களில் நடக்கிறது. திறந்த வண்டியில் காற்றடிக்கக் கொண்டுவருவது, பையைப் பிடிக்காமல் தண்டைப் பிடித்துத் தூக்குவது ஆகியவற்றாலும் நடும் முன்பே கன்று பாதி வலுவை இழந்துவிடுகிறது.

குழி பொதுவாக ஒன்றரை அடி நீள, அகல, ஆழம் இருந்தால் போதும்; இறுகிய சரளை மண்ணில் இன்னும் பெரிதாக வேண்டும். மட்காத சாணத்தைக் குழியில் இட்டால் கறையான் வரும். வறண்ட நிலத்தில் சரிவின் கீழ்ப்பக்கம் பிறை வடிவில் வரப்பு அமைத்து மழைநீரைத் தேக்க வேண்டும். நீர் தேங்கும் களிமண்ணில் அதற்கு மாறாகச் சிறு மேட்டின்மேல் நட வேண்டும்.

எண்ணிக்கையில்தான் பலர் தடுமாறுகிறோம். பத்தடி இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு 435 கன்றுகள் பிடிக்கும். கன்றுக்குப் பத்து லிட்டர் என்றாலும் ஒரு முறை ஊற்றுவதற்கே 4,350 லிட்டர் தண்ணீர் வேண்டும். பங்குனியிலும் சித்திரையிலும் அந்தத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்பதற்கு விடை தெரிந்த பிறகே கன்றுக்கு எழுதிக்கொடுக்க வேண்டும். 400 கன்றுகளை நட்டுக் கைவிடுவதை விட, நூறு கன்றுகளின் அடிமண்ணைச் சருகால் மூடி (மூடாக்கு இட்டு), வாரம் ஒரு முறை ஆழமாக நனையும்படி தண்ணீர் விடுவது எவ்வளவோ மேல். நாள்தோறும் மேலாகத் தெளித்தால் வேர் மேல்மண்ணிலேயே தங்கிவிடும். ஆட்டுக்கும் இதே கணக்கைப் பார்க்க வேண்டும். வேலியில்லாத இளங்கன்றின் நுனியை ஆடு ஒரு முறை கடித்தாலே அவ்வாண்டு வளர்ச்சி போய்விடும். விலை கொடுத்துக் கம்பிக்கூண்டு வாங்க இயலாதவர்கள், சீமைக்கருவேல முள்ளை வெட்டிக் கன்றைச் சுற்றி வட்டமாக ஊன்றலாம். நிலத்தைச் சுற்றிக் கிளுவைப் போத்து (வெட்டிய கிளை) நட்டால் சில ஆண்டுகளில் அதுவே உயிர்வேலியாகும்.

உழும்போது நாம் கவனிக்காமல் அழிக்கும் கன்றுகளும் உண்டு. காக்கையும் மைனாவும் பழம் தின்று போட்ட கொட்டையிலிருந்து வரப்போரத்தில் தானாக முளைத்த வேம்பு, பையின் நெருக்கடியை அறியாமல் ஆணிவேரை நேராக இறக்கியிருக்கும். அதை உழுது அழித்துவிட்டு அதே இடத்தில் நாற்றங்கால் வேம்பை நடுவதைப் போன்ற வீண்வேலை வேறில்லை. முள் வைத்துக் காத்தால் போதும், அது மரமாகிவிடும். பனைக்கும் நாற்றங்கால் தேவையில்லை. கொட்டையை மழைக்கு முன் நேரடியாக ஊன்றுவதே சிறந்தது. வேப்பங்கொட்டையைச் சேமித்து வைத்து ஊன்ற நினைப்பது வீண், ஏனெனில் அதன் முளைப்புத்திறன் சில வாரங்களிலேயே பெருமளவு குறைந்துவிடும்.

இவ்வளவு கவனித்தாலும் சில கன்றுகள் பட்டுப்போகும். பட்ட இடத்தில் மறுநடவு செய்யுமுன் காய்ந்த கன்றைப் பிடுங்கி வேரைப் பார்க்க வேண்டும். கறையான் அரித்திருக்கிறதா, வேர் பையின் வடிவிலேயே சுருண்டு நின்றுவிட்டதா, அழுகி நாறுகிறதா என்பதைக் கண்டால், அந்தக் குழியில் அடுத்த ஐப்பசிக்கு எதை மாற்றிச் செய்ய வேண்டும் என்பது தெரிந்துவிடும்.