வேலை, வீடு, பிடித்த கதைகள்: இவற்றுக்கு நடுவே முதல் நாவலை எழுதுவது எப்படி?

தமிழின் முதல் நாவல் என்று சொல்லப்படும் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879இல் அச்சானது. அதை எழுதிய வேதநாயகம் பிள்ளை எழுத்தை நம்பிப் பிழைத்தவர் இல்லை. மாயவரத்தில் முன்சீப்பாக உட்கார்ந்து வழக்கு விசாரித்தவர். ஆக, சம்பளத்துக்கு ஒரு வேலை, மனசுக்கு ஒரு நாவல் என்பது தமிழில் புது ஏற்பாடு ஒன்றும் இல்லை.

முதல் நாவலைத் தொடங்குகிறவர்கள் எல்லாரும் நேரம் இல்லை என்றுதான் சொல்கிறார்கள். அரை மணி நேரம் எப்படியும் கிடைத்துவிடும். விட்ட இடத்துக்குத் திரும்பிப் போவதுதான் அதைவிடக் கஷ்டம். செவ்வாய்க்கிழமை நன்றாக எழுதுகிறீர்கள். புதன்கிழமை விருந்தாளி, வியாழக்கிழமை பிள்ளைக்குக் காய்ச்சல், வெள்ளிக்கிழமை ஆபீசில் கணக்கு முடிப்பு. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் கதாபாத்திரங்கள் யாரோ போல இருக்கிறார்கள். முதல் பக்கத்திலிருந்து படித்துப் பார்த்து, நாலு காற்புள்ளியைத் திருத்துவதற்குள் நேரம் முடிந்துவிடும். கீழே உள்ள படிகளில் பாதிக்கு மேல் இந்தத் திரும்பி வரும் வழியைச் சுருக்குவதற்குத்தான்.

விளக்குவதற்கு ஒரு கற்பனைக் கதையை வைத்துக்கொள்வோம். வருடம் 1995, ஊர் சிவகாசி. காலண்டர் அச்சகத்தில் வேலை பார்க்கும் செல்வி, தம்பியின் கல்யாணத்துக்கு முன்னால் பூர்வீக வீட்டில் தன் பங்கைக் கேட்கிறாள்.

படி 1: கதையை இரண்டு வரியில் எழுதி ஒட்டுங்கள்

யார், என்ன வேண்டும், யார் தடுக்கிறார்கள். இவ்வளவு போதும். 'மனித உறவுகளின் சிக்கல்' என்று எழுதினால் அது எந்தக் கதைக்கும் பொருந்தும். அடுத்த காட்சியை எழுத உதவாது. 'செல்வி வீட்டில் பங்கு கேட்கிறாள். அவள் தூக்கி வளர்த்த தம்பிதான் மறுக்கிறான்' என்பதில் குறைந்தது மூன்று காட்சிகள் தயாராக நிற்கின்றன. எழுதும் இடத்தில் கண்ணில் படும்படி ஒட்டிவையுங்கள். முடிவு இப்போதே தெரிய வேண்டியதில்லை.

படி 2: பிடித்த கதைகளைப் பிரித்துப் பாருங்கள்

நமக்கு எழுத ஆசை வந்ததே யாரோ எழுதியதைப் படித்துத்தான். அதனால் அந்தக் கதைகளை ஒதுக்கிவிட்டு எழுது என்று சொல்வது நியாயம் இல்லை. ஆனால் ரசிகராகப் படிப்பது வேறு, வேலை கற்கப் படிப்பது வேறு.

உங்களுக்கு மிகவும் பிடித்த மூன்று நாவல்களை எடுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு அத்தியாயம் போதும். பென்சிலோடு உட்கார்ந்து, காட்சி மாறும் இடங்களில் கோடு போடுங்கள். ஒவ்வொரு காட்சிக்கும் மூன்று கேள்விகள்: உள்ளே வரும்போது யாருக்கு என்ன வேண்டியிருந்தது? வெளியே போகும்போது என்ன மாறியது? ஆசிரியர் எதைச் சொல்லாமல் விட்டார்?

மூன்றாவது கேள்வியில்தான் புதையல் இருக்கிறது. ஒரு சண்டைக் காட்சி நம்மை உலுக்கியிருக்கும். திரும்பிப் பார்த்தால் அதில் ஒருவரும் கத்தியிருக்க மாட்டார்கள். சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்திருப்பார்கள், அவ்வளவுதான். அல்லது இரண்டு வருடம் ஒரே வரியில் தாண்டியிருக்கும், ஒரு சாயங்காலம் பன்னிரண்டு பக்கம் ஓடியிருக்கும். காலத்தை எங்கே நீட்டுவது, எங்கே மடிப்பது என்பதை எந்தப் பயிற்சி வகுப்பையும்விட இது நன்றாகக் கற்றுத் தரும்.

பிறகு, ஏன் பிடித்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதுங்கள். 'விறுவிறுப்பு' என்று எழுதக் கூடாது. 'கெட்டவன் என்று நினைத்தவன் மேல் ஐம்பதாவது பக்கத்தில் பரிதாபம் வந்துவிட்டது' என்பது மாதிரி இருக்க வேண்டும். உங்கள் நாவலில் நீங்கள் செய்ய விரும்புவது எது என்று அந்த மூன்று வரிகளும் காட்டிக்கொடுக்கும். செல்வியின் தம்பியை வில்லனாக்காமல் எழுத வேண்டும் என்ற முடிவு இப்படித்தான் வரும்.

படி 3: முதலில் எழுத முடியாத வாரங்களை அடித்துவிடுங்கள்

திட்டம் போடுகிறவர்கள் எழுதும் நாட்களைத்தான் குறிப்பார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். வருடக் காலண்டரை எடுத்து, நடக்கவே நடக்காத வாரங்களை அடியுங்கள்: தீபாவளி, பொங்கல், பள்ளிக்கூடம் திறக்கும் ஜூன் முதல் வாரம், அரையாண்டுத் தேர்வு, கணக்கு வேலை பார்ப்பவர்களுக்கு மார்ச் கடைசி, ஆவணியிலும் தையிலும் வரிசையாக வரும் கல்யாணங்கள். 52 வாரத்தில் 10 போகட்டும். மீதி 42.

வாரத்துக்கு நான்கு நாள், நாளுக்கு 250 சொல். வாரம் ஆயிரம்; வருட முடிவில் 42,000. டெமி அளவுப் புத்தகத்தில் (தமிழ் நாவல்கள் வழக்கமாக வரும் அளவு) ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 200 முதல் 250 சொற்கள் என்று வைத்தால் இது 170 முதல் 210 பக்கம். முதல் நாவலுக்குத் தாராளம். ஒரே மாதத்தில் 50,000 சொல் எழுதும் சவால் அமெரிக்காவில் 1999இல் தொடங்கி, பிறகு நவம்பர் மாதச் சவாலாக உலகம் முழுக்கப் பரவியது. நாளுக்கு 1,667 சொல். ஆங்கிலத்தில் நாலைந்து சொல்லாக நிற்பதைத் தமிழ் ஒன்றாக ஒட்டி ஒரே சொல்லாக எழுதிவிடும் என்பதால், அந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டு நம்மை நாமே திட்டிக்கொள்ள வேண்டியதில்லை.

250 சொல் சின்னதாகத் தெரிகிறதா? ஆங்கில நாவலாசிரியர் ஆன்டனி ட்ரோலப் தபால் இலாகாவில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே நாவல்களை எழுதிக் குவித்தவர். கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு கால் மணிக்கு 250 சொல் என்று தனக்கே விதி போட்டிருந்தார். காலை ஐந்தரைக்கு மேஜைக்கு வந்துவிடுவார். அவரை எழுப்பிக் காப்பி கொண்டுவந்து கொடுத்த வயதான வேலையாளுக்கு அதற்காகவே ஆண்டுக்கு 5 பவுண்டு கூடுதல் சம்பளம் கொடுத்ததாகச் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். நம்மில் பலர் வீட்டில் ஐந்தரைக்குக் காப்பி போடுகிறவரும் நாவல் எழுதுகிறவரும் ஒரே ஆள்தான். அந்த வித்தியாசத்தையும் கணக்கில் சேர்த்துத்தான் கால் மணியை நான் ஒரு மணியாக்குகிறேன்.

படி 4: மொழி பற்றிய முடிவுகளை முதல் வாரமே எடுத்துவிடுங்கள்

புதிதாக எழுதுகிறவர்கள் இதை யோசிப்பதே இல்லை. ஆனால் தமிழ் நாவலில் பாதித் தடுமாற்றம் இங்கேதான் வருகிறது. கதை சொல்லும் நடை எழுத்துத் தமிழா, பேச்சுத் தமிழா? உரையாடல் எந்த ஊர்ப் பேச்சு? அதை எந்த எழுத்தில் எழுதுவீர்கள்?

செல்வி 'சொல்றேன்' என்பாளா, தெற்கே திருநெல்வேலிப் பக்கம் கேட்கும் 'சொல்லுதேன்' என்பாளா? 'இருக்கு'வா, 'இருக்குது'வா? கட்டிக்கொடுத்த ஊர் வேறாக இருந்தால் அவள் பேச்சில் இரண்டும் கலந்திருக்குமா? அம்மா அவளை எப்படிக் கூப்பிடுகிறாள்: 'ஏ செல்வி'யா, 'தாயி'யா? கோபம் வந்தால் தம்பி 'அக்கா'வை விட்டுவிடுகிறானா? அந்த ஒரு இடத்தில் 'அக்கா' வராமல் போவதே ஒரு காட்சிக்குப் போதும்.

ஒரு தாளில் இரண்டு பத்தி. இடப்பக்கம் சொற்களும் அவற்றை எழுதும் விதமும். வலப்பக்கம் பெயர், வயது, யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்ற விவரம். ஐந்து நாள் கழித்து உட்காரும்போது பழைய பக்கங்களைப் புரட்டாமல் இந்தத் தாளைப் பார்த்தால் போதும். காதுக்குள் அவர்கள் குரல் திரும்பிவிடும்.

படி 5: உட்கார்வது, நிறுத்துவது

எதில் எழுதுவது என்பதில் ரொம்ப யோசிக்காதீர்கள். நோட்டோ, மடிக்கணினியோ, போனோ, எது கைக்கு வருகிறதோ அது. போனில் சொல்லச் சொல்ல எழுதும் வசதி இப்போது தமிழுக்கும் இருக்கிறது. பேருந்தில் தோன்றியதைக் குறிக்க நல்லது. வட்டாரச் சொற்களை அது இஷ்டத்துக்கு மாற்றிவிடும் என்பதால் அன்றிரவே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

நிறுத்தும் விதம்தான் முக்கியம். காட்சி முடிந்ததும் நிறுத்தாதீர்கள். நடுவில், அடுத்து என்ன வரும் என்று நன்றாகத் தெரிந்த இடத்தில் நிறுத்துங்கள். கடைசியாக ஒரு குறிப்பு: 'அடுத்து: செல்வி பீரோவைத் திறக்கிறாள், பத்திரம் இல்லை. அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது.' அடுத்த முறை உட்கார்ந்ததும் கடைசிப் பத்தியையும் இந்தக் குறிப்பையும் மட்டும் படித்துவிட்டு எழுதத் தொடங்குங்கள். முதல் அத்தியாயத்தைத் திறக்கவே கூடாது. முதல் அத்தியாயத்தை மட்டும் பதினைந்து முறை திருத்தி, இரண்டாவதைத் தொடாத நாவல்கள் நம் ஊர் மேஜை இழுப்பறைகளில் நிறையக் கிடக்கின்றன.

தகவல் தெரியாமல் நின்றால் தேடப் போகாதீர்கள். அந்த இடத்தில் இரண்டு நட்சத்திரக் குறி போட்டு, என்ன வேண்டும் என்று எழுதிவிட்டு நகருங்கள். செல்வி கதையில் அப்படி நிறைய வரும். தமிழ்நாட்டில் இந்துப் பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் ஆண்களுக்குச் சமமான பங்கு 1989இல் வந்தது. அது நடைமுறைக்கு வருவதற்கு முன்பே மணமானவர்களுக்கு அந்தச் சட்டத்தில் இடம் இல்லை. 2005இல் மத்தியச் சட்டம் திருத்தப்பட்ட பிறகுதான் அந்தப் பேதம் போனது. அப்படியானால் செல்விக்குக் கல்யாணம் 1988இலா, 1990இலா என்பது கதையையே புரட்டிப்போடும். 1988 என்றால் தம்பிக்குச் சமமான பங்கு கேட்க அவளுக்குச் சட்டம் துணை இல்லை, பாசத்தைத்தான் கேட்க முடியும். எனக்கு அந்தக் கதைதான் பிடிக்கும். இன்னொன்று: 1995இல் சிவகாசிக்குக் கடிதம் போட்டால் உறையில் விருதுநகர் மாவட்டம் என்று இருக்காது, காமராசர் மாவட்டம் என்றுதான் இருக்கும். இதையெல்லாம் மாதத்துக்கு ஒரு மதியம் ஒதுக்கி மொத்தமாகத் தேடிக்கொள்ளலாம்.

படி 6: எழுதும் மாதங்களில் எதைப் படிப்பது?

படிப்பதை நிறுத்த வேண்டாம். தூரமாகப் படியுங்கள். நீங்கள் எழுதுவது கரிசல் பூமிக் கதை என்றால் இரவில் காவிரிக் கரை நாவலைப் படித்துவிட்டு காலையில் உட்காராதீர்கள். செல்வி திடீரென்று தஞ்சாவூர்க்காரியாகிவிடுவாள். கட்டுரை, பயணக் குறிப்பு, கவிதை, வேறு மொழியிலிருந்து வந்த துப்பறியும் கதை, எதுவானாலும் சரி. மிகவும் பிடித்த எழுத்தாளரை எழுத முடியாத அந்தப் பத்து வாரங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அப்போது பண்டிகை நாளில் எழுதவில்லையே என்ற உறுத்தலும் இருக்காது.

வெப் சீரிஸ் பற்றிக் கேட்பீர்கள். பாருங்கள், ஆனால் எழுதிய பிறகு.

படி 7: வீட்டு ஆட்களும் வீட்டுக் கதைகளும்

வீட்டில் 'எழுதலாமா' என்று கேட்க வேண்டாம். எந்த நேரம் என்று சொல்லிவிடுங்கள். 'ராத்திரி ஒன்பதரையிலிருந்து பத்தரை' என்று திட்டமாக இருந்தால் நாலாவது வாரத்தில் வீடு பழகிவிடும். 'கொஞ்ச நேரம்' என்றால் யாரும் பழக மாட்டார்கள்.

அன்றாடம் நடப்பதையெல்லாம் குறிக்கத் தேவையில்லை. காதில் விழுந்த ஒரு வாக்கியம், கையால் செய்த ஒரு வேலை, இரண்டே இரண்டு. மாமியார் அரிசி களையும்போது தண்ணீரை எதில் பிடித்து வைக்கிறார், காலண்டரின் மேல்விளிம்பில் தகரப் பட்டை அடிப்பவர் விரலைக் காப்பாற்ற என்ன செய்கிறார் என்பது மாதிரி. கருத்துகள் எப்போது வேண்டுமானாலும் வரும், இந்த விவரங்கள் மறந்துபோகும்.

நிஜ மனிதர்களை எடுக்கும்போது பெயரை மட்டும் மாற்றினால் சித்தி கண்டுபிடித்துவிடுவார். தொழில், ஊர், எத்தனை பிள்ளைகள், எதற்குக் கோபப்படுவார் என்று நான்கையும் மாற்றுங்கள். மாற்ற மாற்ற அந்த ஆள் உங்கள் பிடியிலிருந்து நழுவி, கதைக்குள் தன் போக்கில் பேசத் தொடங்குவார். முதல் வரைவு முடியும்வரை வீட்டில் யாருக்கும் படித்துக் காட்டாமல் இருப்பது இரு தரப்புக்கும் நல்லது.

படி 8: முடிந்த பிறகு

ஒரு மாதம் தொடாதீர்கள். அப்புறம் அச்செடுத்து, தாளில் படியுங்கள். திரையில் கண் தாண்டிப்போகும் தவறுகள் தாளில் நிற்கும். இப்போது படி 2இல் எழுதிய மூன்று வரிகளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பதாவது பக்கத்தில் தம்பி மேல் பரிதாபம் வருகிறதா?

சினிமாப் பாட்டு வரிகளைச் சேர்த்திருந்தால் இப்போதே நீக்கிவிடுங்கள். இந்தியாவில் பதிப்புரிமை ஆசிரியர் இறந்து 60 ஆண்டு வரை நீடிக்கும். பாரதியார் வரிகளைத் தாராளமாக எடுக்கலாம். ரேடியோவில் ஒலிக்கும் பாட்டை, என்ன பாட்டு என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். பிடித்த நாவலின் கதாபாத்திரங்களை வைத்தே எழுதியிருந்தாலும் இதே எச்சரிக்கைதான்: பழகிப் பார்க்க நல்லது, புத்தகமாகப் போடும்போது அனுமதி வேண்டும்.

கடைசியாக இரண்டு பேரிடம் கொடுங்கள். ஒருவர் நிறையப் படிப்பவர், இன்னொருவர் அந்த ஊரை, அந்த வேலையை அறிந்தவர். 'எப்படி இருக்கு?' என்று கேட்டால் 'நல்லா இருக்கு' என்றுதான் வரும். எந்தப் பக்கத்தில் கீழே வைத்தீர்கள், யாரை நம்ப முடியவில்லை, எந்த இடத்தில் பேச்சு நம் ஊர்ப் பேச்சாக இல்லை என்று கேளுங்கள். பதிலைத் தாளின் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். அவர்களோடு வாதாட வேண்டாம். அடுத்த வரைவை எங்கிருந்து தொடங்குவது என்று அந்தக் குறிப்புகளே சொல்லும்.