பல்கலைக்கழகக் கடன்: கையெழுத்திடும் முன் பிள்ளையுடன் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு

பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த செய்தி வந்ததும் பாடப்பிரிவைப் பற்றி வீடே பேசும். கட்டணத்தைப் பற்றி அம்மாவும் அப்பாவும் மட்டும் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்வார்கள். ஆனால் கல்விக் கட்டணக் கடன் பிள்ளையின் பெயரில்தான் எழுதப்படுகிறது. ஆகவே பிள்ளையையும் உட்கார வைத்து, தாளும் பேனாவும் அதன் கையில் கொடுத்துக் கணக்கைத் தொடங்குவதே முறை.

முதலில் கட்டணம். கல்வி அமைச்சின் மானியம் கழிந்த பிறகு, சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் பல பட்டப்படிப்புகளுக்குச் சிங்கப்பூரர் ஒருவர் ஆண்டுக்கு 8,000 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலருக்கு) சற்று மேல் கட்ட நேர்கிறது. மருத்துவம் அதைப் போல் பல மடங்கு. நான்காண்டுப் படிப்பென்றால் 32,000 வெள்ளியைத் தாண்டும். போக்குவரத்து, மடிக்கணினி, சாப்பாடு ஆகியவற்றைத் தனி வரியில் எழுதச் சொல்லுங்கள்.

அடுத்து, திருப்பிக் கொடுக்க வேண்டாத பணம். அரசாங்கத்தின் கல்வி உதவி நிதிகள் பெரும்பாலும் குடும்பத்தின் தனிநபர் வருமானத்தை வைத்து முடிவாகின்றன. அதாவது, வீட்டின் மொத்த மாத வருமானத்தை வீட்டிலுள்ளோரின் எண்ணிக்கையால் வகுத்து வரும் தொகை. பெற்றோர் இருவரும் சேர்ந்து 4,800 வெள்ளி சம்பாதிக்கும் வீட்டில் ஐந்து பேர் என்றால் அது 960 வெள்ளி. உடன் வசிக்கும் பாட்டியையும் சேர்த்தால் 800 வெள்ளி. பாட்டியை விட்டுவிட்டுப் படிவத்தை நிரப்பினால், கிடைக்கக்கூடிய உதவி குறைந்துபோகலாம். இந்தியக் குடும்பங்கள் சிண்டாவின் (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கத்தின்) உதவி நிதியையும் பார்க்க வேண்டும். மாதச் சம்பளத்தில் சிண்டாவுக்குப் பணம் பிடிக்கப்படுவதை ஆண்டுக்கணக்கில் பார்த்துவருபவர்கள், அதே அமைப்பிடம் விண்ணப்பிக்கக் கூச்சப்படுவதில் பொருளே இல்லை.

பள்ளிப் பருவத்தில் அரசாங்கம் பிள்ளைக்காகப் பணம் போட்டுவந்த எடுசேவ் கணக்கில் மிஞ்சிய பணம் உயர்நிலைப் பள்ளிக்குப் பிந்திய கல்விக் கணக்குக்கு மாறியிருக்கும். அதையும் விசாரியுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் துண்டு விழும் தொகைக்குத்தான் கடன். பரவலாக எடுக்கப்படும் கடன்கள் இரண்டு. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை, வட்டி எந்த நாளில் தொடங்குகிறது, பணம் யாருடையது என்ற இரண்டு கேள்விகளால் பிள்ளைக்கு விளக்கிவிடலாம்.

வங்கி வழியாக வழங்கப்படும் கல்வி அமைச்சின் கல்விக் கட்டணக் கடன், மானியம் கழித்த பல்கலைக்கழகக் கட்டணத்தில் 90 விழுக்காடு வரை தரும். படிக்கும் காலத்தில் வட்டி கிடையாது. படிப்பு முடிந்த பிறகு, உள்ளூர் வங்கிகளின் முதன்மை வட்டி விகிதங்களின் சராசரியில் வட்டி ஏறத் தொடங்குகிறது. தவணை கட்டத் தொடங்க இரண்டு ஆண்டுகள் வரை அவகாசம் உண்டு என்பதைக் கேட்டதும் இளையர்கள் நிம்மதி அடைகிறார்கள். அந்த அவகாசத்திலும் வட்டி ஓடிக்கொண்டிருக்கும் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். மாதத்துக்குக் குறைந்தது 100 வெள்ளி வீதம், அதிகபட்சம் 20 ஆண்டுகளில் கட்டி முடிக்கலாம்.

மத்திய சேம நிதிக் கல்விக் கடனில் வெளியார் பணம் இல்லை. சம்பளத்தில் பிடித்துச் சேர்க்கப்படும் அந்த நிதியில், வீடு, கல்வி போன்றவற்றுக்குப் பயன்படும் பெற்றோரின் சாதாரணக் கணக்கிலிருந்தே கட்டணம் போகிறது. உச்சவரம்பு, அந்தக் கணக்கில் சேர்ந்த மொத்தச் சேமிப்பில் 40 விழுக்காடு. கணக்கில் மீதமிருப்பது அதைவிடக் குறைவாக இருந்தால் அதுவே எல்லை. பணம் எடுத்த நாள் முதலே 2.5 விழுக்காடு வட்டி உண்டு. படிப்பு முடிந்து ஓராண்டு கழித்துத் தொடங்கி, 12 ஆண்டுகளுக்குள் பிள்ளை அதை ரொக்கமாகத் திருப்ப வேண்டும். அசலும் வட்டியும் பெற்றோரின் கணக்குக்கே திரும்புவது ஆறுதல்தான். ஆனாலும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்கடன் தவணை அந்தக் கணக்கிலிருந்து போய்க்கொண்டிருந்தால், அது வறண்ட மாதத்தில் தவணையைக் கைப்பணத்தில் கட்ட நேரும். ஆகவே வீட்டுக்கடன் பாக்கி பெரிதாக உள்ள குடும்பத்துக்கு இதை நான் பரிந்துரைப்பதில்லை.

கடைசிக் கணக்கைப் பிள்ளையே போடட்டும். 30,000 வெள்ளிக் கடனுக்கு வட்டி 5 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். 20 ஆண்டுகளில் கட்டினால் மாதம் சுமார் 198 வெள்ளி. ஆனால் வட்டி மட்டுமே ஏறக்குறைய 17,500 வெள்ளி ஆகிவிடும். ஐந்தாண்டில் கட்டினால் மாதம் 566 வெள்ளி, மொத்த வட்டி 4,000 வெள்ளிக்கும் குறைவு. முதல் சம்பளம் வாங்கும் ஒருவருக்கு 566 வெள்ளி பாரமாக இருக்கலாம். அப்படியானால் 300 வெள்ளியில் தொடங்கிச் சம்பளம் உயர உயரக் கூட்டிக்கொள்ளலாம். தேசிய சேவைக் காலத்தில் சேர்த்த பணம் இருந்தால், கல்விக் கட்டணக் கடனில் வட்டி தொடங்குவதற்கு முன்பே அதைச் செலுத்தி அசலைக் குறைப்பது நல்லது.

கல்விக் கட்டணக் கடனுக்கு உத்தரவாதம் அளிப்பவர் 21 முதல் 60 வயதுக்குட்பட்டவராக இருக்க வேண்டும். அப்பாவுக்கு வயது கடந்திருந்தால் அக்காவையோ மாமாவையோ முன்கூட்டியே கேட்டு வையுங்கள். தவணை தவறினால் வங்கி அவரையும் தேடி வரும் என்பதை, அவர் கையெழுத்திடுவதற்கு முன் பிள்ளை தன் வாயாலேயே அவரிடம் சொல்ல வேண்டும்.