பர்மா பஜார் இயர்போனில் முதலில் பார்க்க வேண்டியது

பாரிமுனை பர்மா பஜாரில் 300 ரூபாய்க்குள் இயர்போன் வாங்கப் போனால், பாட்டைக் கேட்கும் முன், போனில் செருகும் பின்னைப் பாருங்கள். மலிவு இயர்போன் பெரும்பாலும் அங்கேதான் சாகும். பின்னுக்குள் வயர் நுழையும் இடத்தில் வளைந்துகொடுக்கும் ரப்பர் கழுத்து இருக்க வேண்டும். உங்கள் போனிலேயே செருகி, பாட்டு ஓடும்போது அந்த இடத்தை லேசாக ஆட்டுங்கள். கரகரத்தாலோ, ஒரு பக்கம் சத்தம் போய்ப் போய் வந்தாலோ வேண்டாம். பாக்கெட்டில் போனோடு தண்டையார்பேட்டை பஸ்ஸில் தொங்குகிறவர்களுக்கு எல் வடிவப் பின் நல்லது.

அப்புறம், காதில் வைக்கும் பகுதியின் மேல் ஓடு ஒட்டிய கோட்டில் நகத்தை ஓட்டுங்கள். இடுக்கில் மாட்டினால் நம்ம ஊர் வியர்வை உள்ளே போய்விடும். ‘மெட்டல் பாடி’ என்பார்கள். பாதிக்குப் பாதி பெயின்ட்தான். காது ரப்பர் மூன்று அளவிலும் கேட்டு வாங்குங்கள், காதை அடைத்து உட்காராவிட்டால் பேஸ், அதாவது கனமான அடிச்சத்தம், எடுபடாது.