தொழில்நுட்பச் செய்தித் தளங்களைப் பணிக்கு உதவும்படி வாசிப்பது எப்படி?

சர்வர்களையும் நெட்வொர்க்கையும் பராமரிப்பவர், செய்தித் தளங்களைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால், தம் பொறுப்பில் எந்த மென்பொருள் எந்தப் பதிப்பில் இயங்குகிறது என்ற பட்டியலைத் தயாராக வைத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பட்டியல் இல்லாதவருக்கு எல்லாச் செய்தியும் அவசரச் செய்தியாகவே தோன்றும். உண்மையில் அவசரமானது அந்தக் கூட்டத்தில் கண்ணில் படாமலே போய்விடும்.

அடுத்தது தளங்களின் தேர்வு. மூன்று அல்லது நான்கு போதும். பாதுகாப்புக் குறைபாடுகளை உடனுக்குடன் அறிய பிளீப்பிங் கம்ப்யூட்டர் உதவும். ஒரு நிகழ்வின் பின்னணியை விரிவாகப் புரிந்துகொள்ள 1998 முதல் வெளிவரும் ஆர்ஸ் டெக்னிக்கா ஏற்றது. லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் பற்றிய ஆழமான கட்டுரைகளுக்கு எல்டபிள்யூஎன் தளத்துக்கு இணையாக வேறொன்றைச் சொல்வது கடினம்; சந்தாதாரர்களுக்கு மட்டுமான அதன் கட்டுரைகள்கூடச் சில நாள் கழித்து எல்லோருக்கும் திறக்கப்படுகின்றன. இத்தளங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பதைவிட, புதிய பதிவுகளைத் தானாகக் கொண்டுவந்து தரும் அவற்றின் ஆர்எஸ்எஸ் ஓடைகளை ஒரே செயலியில் சேர்த்து, உங்கள் பட்டியலிலுள்ள பெயர்களை வடிகட்டிச் சொற்களாகக் கொடுத்துவிடுங்கள். அத்தகைய ஓடைகளை வாசிக்க உதவிய கூகுள் ரீடர் 2013இல் நிறுத்தப்பட்டாலும் ஆர்எஸ்எஸ் இன்றும் நன்றாகவே பயன்படுகிறது.

செய்தியைப் படித்ததும் மூல அறிவிப்பைத் தேடிச் செல்வதுதான் இந்தப் பழக்கத்தின் உயிர்நாடி என்பேன். 2024 மார்ச் 29 அன்று, தொலைவிலுள்ள கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழியான உள்நுழைவு வழக்கத்தைவிட மெதுவாக இருப்பதைக் கவனித்து ஆராய்ந்த ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்ற பொறியாளர், லினக்ஸ் கணினிகளில் பயன்படும் எக்ஸ்இசட் என்னும் கோப்புச் சுருக்கு மென்பொருளில் பின்கதவு (ரகசிய நுழைவழி) ஒன்று வைக்கப்பட்டிருப்பதை வெளிப்படுத்தினார். லினக்ஸ் முழுவதும் ஆபத்தில் இருப்பதாகத் தலைப்பை மட்டும் பார்த்தவர் கலங்கியிருப்பார். மூல அறிவிப்பைப் படித்தவரோ, பாதிப்பு 5.6.0, 5.6.1 ஆகிய இரண்டு பதிப்புகளில்தான் என்பதையும், லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியனின் நிலையான வெளியீட்டில் அவை இடம்பெறவில்லை என்பதையும் அறிந்து, தம் சர்வர்களில் பதிப்பு எண்ணைச் சரிபார்த்துச் சில நிமிடங்களில் முடிவுக்கு வந்திருப்பார். ஆகவே எந்தப் பாதுகாப்புச் செய்தியிலும் முதலில் சிவிஇ எண்ணை, அதாவது அந்தக் குறைபாட்டுக்குத் தரப்பட்ட பொது அடையாள எண்ணைத் தேடுங்கள். அதைக் கொண்டு தயாரிப்பாளரின் அறிவிப்பை அடைந்து, பாதிக்கப்பட்ட பதிப்பு, திருத்தப்பட்ட பதிப்பு, உடனடி மாற்றுவழி ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒருமுறை படித்ததோடு நிறுத்திவிடவும் கூடாது. 2021 டிசம்பரில் ஜாவா நிரல்களின் செயல்பாடுகளைப் பதிவுசெய்யப் பயன்படும் லாக்4ஜே மென்பொருளின் குறைபாடு வெளியானபோது 2.15.0 பதிப்புதான் தீர்வு என்று முதல் செய்திகள் கூறின. அந்தத் திருத்தம் முழுமையற்றது எனத் தெரிந்ததால் 2.16.0 வந்தது, அதன்பின் 2.17.0, மாத முடிவுக்குள் 2.17.1 ஆகியவையும் வந்தன. இடையில் கண்டறியப்பட்ட இரண்டாவது குறைபாட்டின் தீவிர மதிப்பெண் பத்துக்கு 3.7 என அறிவிக்கப்பட்டு, பிறகு 9.0 ஆக உயர்த்தப்பட்டது. முதல் நாள் செய்தியை நம்பிப் பணியை முடித்துக்கொண்டவர், பாதுகாப்பாக இருப்பதாக எண்ணியபடியே ஆபத்தில் இருந்தார். முக்கியமான செய்தி ஒன்றைத் தொடர்ந்து சில வாரங்களுக்காவது அதே சொல்லுக்கான வடிகட்டியைத் தனியாகக் கண்காணியுங்கள்.

மதிப்பெண் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், அந்தக் குறைபாடு உண்மையில் தாக்குதலுக்குப் பயன்படுகிறதா என்பது வேறு கேள்வி. அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு முகமையான சிசா 2021 முதல் பராமரித்து வரும் பட்டியலில், தாக்குதலில் பயன்பட்டதாக உறுதியான குறைபாடுகள் மட்டுமே சேர்க்கப்படுகின்றன. எதை முதலில் சரிசெய்வது என்ற குழப்பத்தில் அதைப் பார்ப்பது நல்லது. செய்தித் தளங்களில் விளம்பரதாரர் வழங்கும் கட்டுரைகளும் உண்டு; அவை விளம்பரம் என்ற குறிப்பு பெரும்பாலும் சிறிய எழுத்தில்தான் இருக்கும். தயாரிப்புகளை ஒப்பிடும்போது அதைக் கட்டாயம் கவனியுங்கள்.

மைக்ரோசாஃப்ட் தன் திருத்தங்களை ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை வெளியிடுவதால், அதற்கு மறுநாள் காலையில் வாசிப்புக்குக் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள். படித்ததில் நடவடிக்கை தேவைப்படுவதை உடனே டிக்கெட்டாக (செய்யவேண்டிய பணியின் பதிவாக) உருவாக்கி, செய்தியின் இணைப்புக்குப் பதிலாக மூல அறிவிப்பின் இணைப்பையும் அதைப் பார்த்த தேதியையும் அதில் சேர்த்துவிடுங்கள்.